பழைய டஸ்டர்: வண்டியைவிட பில்லைப் பாருங்கள்

ரெனால்ட் டஸ்டர் 2012 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2022 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. அந்தப் பத்து வருஷமும் வண்டி வெளியே வந்தது ஒரகடம் ஆலையிலிருந்துதான். அதனால் தமிழ்நாட்டில் பழைய டஸ்டருக்கும் அதன் வேலை தெரிந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. இங்கே பேசுவது அந்த முதல் தலைமுறை வண்டியைப் பற்றி மட்டும்.

குடும்பத்துக்கு இதை ஏன் யோசிக்க வேண்டும் என்றால் முதல் பதில் சஸ்பென்ஷன். தரை இடைவெளி 205 மி.மீ., டயர் 215/65 ஆர்16. டயரின் பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தின் அடி பாதி அங்கேயே அடங்கிவிடும். தோண்டிப் போட்ட தெரு, கிராமத்து மண் ரோடு, அளவில்லாமல் போட்ட வேகத்தடை எல்லாவற்றிலும் பின்சீட்டில் இருக்கிற அம்மா அப்பா தூக்கிப் போடப்படாமல் வருவார்கள். இதே விலைக்குக் கிடைக்கும் பழைய எஸ்யூவிகளில் இந்தச் சுகம் சுலபத்தில் கிடைக்காது. சீட் உயரமும் சரியாக இருக்கிறது. முட்டி வலிக்காரர்கள் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். வண்டியின் அகலம் 1,822 மி.மீ. என்பதால் பின்னால் மூன்று பெரியவர்கள் நெருக்கியடிக்காமல் உட்காரலாம். டிக்கி 475 லிட்டர். கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும் சாமான் அத்தனையும் போகும். ஏழு பேர் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மூன்றாவது வரிசை இதில் கிடையாது.

உள்ளே உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். பிளாஸ்டிக் கடினமானது. ஆரம்ப கால வண்டிகளில் பக்கக் கண்ணாடியைத் திருப்பும் குமிழைக் கொண்டுபோய் ஹேண்ட் பிரேக்குக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஓடும்போது அதைத் தொட முயல வேண்டாம். ஆடியோ பட்டன்கள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டையில் இருக்கும், பழகிவிட்டால் அது வசதிதான். பின்சீட்டுக்குத் தனி ஏ.சி. மேல் வேரியன்டுகளில் மட்டும். நம் ஊர் வெயிலுக்கு அது இருக்கிற வண்டியாகப் பார்ப்பது நல்லது.

எந்த இன்ஜின் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1,461 சி.சி. டீசல் இரண்டு விதமாக வந்தது: 85 பி.எஸ். (குதிரைத்திறன் அளவு) 5 கியருடன், 110 பி.எஸ். 6 கியருடன். காகிதத்தில் 110 பெரிதாகத் தெரியும். ஆனால் அது 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே தூங்கும், அதைத் தாண்டியதும் ஒரேயடியாக இழுக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற நகரத்தில் இது கால் வலி. 85-இல் அந்தத் தூக்கமும் கிடையாது, துள்ளலும் கிடையாது. ஸ்கூல், ஆபீஸ், மாதம் ஒருமுறை ஊர் என்று ஓட்டுகிற வீட்டுக்கு 85 போதும். வாரம் தவறாமல் நான்கு வழிச் சாலையில் முழு லோடுடன் போகிறவர்கள் 110 எடுக்கலாம். 110 நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 16 முதல் 18 கி.மீ. எதிர்பார்க்கலாம். டேங்க் 50 லிட்டர், சென்னையில் நிரப்பினால் கன்னியாகுமரி வரை பங்க் பக்கம் திரும்ப வேண்டாம். இன்னொரு லாபம், பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிப்படி வந்த டீசல் டஸ்டரில் புகைத் துகள் வடிகட்டி கிடையாது. குறைந்த தூரமே ஓட்டுவதால் அது அடைத்துக்கொள்ளும் என்ற புதிய டீசல் வண்டிகளின் தலைவலி இதில் இல்லை.

பெட்ரோலில் மூன்று வந்தன. 2012-இன் 1.6 லிட்டருக்கு டைமிங் பெல்ட், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் ரப்பர் பட்டை. 2017-இல் வந்த 1.5 லிட்டருக்கும், 2020-இல் வந்த 156 பி.எஸ். 1.3 லிட்டர் டர்போவுக்கும் அதே வேலைக்குச் செயின். 1.3 டர்போ ஓட்டுவதற்கு அருமை. ஆனால் விற்றது ஒன்றரை வருஷத்துக்குச் சற்று அதிகம்தான், தேடிப் பிடிக்க வேண்டும். மூன்றுமே 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள். இன்று பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை மனதில் வைத்து இவை விற்கப்படவில்லை. எரிபொருள் ஹோஸ், ரப்பர் சீல்களில் கசிவு, வெடிப்பு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். மைலேஜ் கொஞ்சம் இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி டைமிங் பெல்ட், டீசலிலும் அதுதான். டீசல் டஸ்டர் வாங்குகிறவர் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்குப் பிறகு செய்கிற செலவு பழைய வண்டியின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி என்று நிம்மதியடைய முடியாது. ரப்பருக்கு வயதும் கணக்கு. 2016 வண்டி 45,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, பெல்ட் மாற்றவே இல்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் காட்டினால் மட்டும் நம்புங்கள். "இப்பதான் சார் மாத்தினது" என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. பில் இல்லையா, மாற்றாத வண்டி என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் பேரிங் பிறகு இறுகினால் புதுப் பெல்ட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். பிஸ்டன் சுழற்றும் கிராங்க்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் அசையாமல் பூட்டும் பின்கள் இல்லாமல், மார்க்கர் பேனாவால் கோடு போட்டு மாற்றுகிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பலர் மறந்துவிடுகிற ஒன்று வெளியே ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரஸரையும் சுற்றுகிற பெல்ட். அது நார் நாராகப் பிய்ந்தால் அந்த நார் கிராங்க் புல்லி வழியாக டைமிங் கவருக்குள் இழுக்கப்பட்டு உள்ளே இருக்கிற பெல்ட்டை நழுவ வைக்கும். வண்டி பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறந்து முதலில் டார்ச் அடிக்க வேண்டிய இடம் இதுதான். ஓரம் பிய்ந்திருந்தால் அந்த உரிமையாளர் மற்ற பராமரிப்பை எப்படிச் செய்திருப்பார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கிளட்ச். பெடல் இயல்பாகவே கொஞ்சம் கனம், ஆனால் மிதிக்கத் தொடை வலித்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது. நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் விர்ரென்று ஏறி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. பெடல் தள்ளும் எண்ணெயை வாங்கிக்கொள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்குள், ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கிறது. அது கசிந்தால் கியர் பாக்ஸை இறக்காமல் வேலை நடக்காது. ஆகவே கிளட்ச் மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ஸ்லேவ் சிலிண்டர் மூன்றையும் ஒரே கூலியில் முடித்துவிட வேண்டும். 110-இல் கிளட்ச் உட்காரும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் கையோடு பார்த்துவிடச் சொல்லுங்கள். கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்த் தொட்டி. அதில் மட்டம் குறைந்திருந்து சக்கரங்களில் ஈரம் இல்லையென்றால் கசிவு கியர் பாக்ஸ் பக்கம் என்று சந்தேகப்படலாம்.

2016-இல் 110 டீசலுக்கு ஏ.எம்.டி. (கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றும்) கியர் பாக்ஸ் வந்தது. நகரத்தில் இடது கால் தப்பிக்கும், மேடான சிக்னலில் வண்டி தயங்கும். இத்தனை வயதான ஏ.எம்.டி.யை வாரன்டி இல்லாமல் வாங்கச் சொல்ல மாட்டோம். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் 2017-க்குப் பிந்தைய 1.5 பெட்ரோல் சி.வி.டி. (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) நிதானமான வண்டி. கியர் ஆயில் மாற்றிய பில்லை மட்டும் கேளுங்கள்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள், இன்ஜின் சூடேறாமல் இருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். நம் வெயிலில் டீசல் உடனே பிடிக்க வேண்டும். சுற்றிச் சுற்றிப் பிடித்தால் இன்ஜெக்டரில் கசிவு இருக்கலாம். ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றுங்கள். லேசான காற்று சரி, குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கறுப்புப் புகையும் பிக்கப் இல்லாமையும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி. கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், அதைச் சரிசெய்வதும் சுலபம்.

வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். முன்பக்கம் "டொங்" என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் போய்விட்டது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் வேகத்தடையில் மெதுவாக ஏற்றும்போது "கடகட" கேட்டால் லிங்க் ராட். பிரேக் போடும்போது முன்பக்கம் தடுமாறினால் லோயர் ஆர்ம் புஷ். இவை எல்லாம் தேய்கிற சாமான்கள்தான், செலவைக் கேட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். வண்டியின் பெருமையே சஸ்பென்ஷன் என்பதால் அதைச் சரிபண்ணாமல் ஓட்டுவதில் அர்த்தமில்லை.

2014-இல் வந்த நான்கு சக்கர இயக்க டஸ்டர் வேறு ஜாதி. பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், டிக்கி 410 லிட்டராகக் குறையும், முதல் கியர் மிகக் குட்டை. மலைத் தோட்டம், சேற்று வழி இருக்கிறவர்களுக்கு உண்மையிலேயே உதவும். நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு புதிது, இரண்டு வழுக்கை என்று ஓட்டினால் பின் இயக்கத்தை இணைக்கும் கப்ளிங் சூடேறிக் கெடும்.

குடும்ப வண்டி என்று சொல்லும்போது தயங்க வைக்கிற விஷயம் பாதுகாப்பு. 2017-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத டஸ்டர் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. ஓட்டுநர் ஏர்பேக் உள்ளது 3 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுக்கும் 2 நட்சத்திரம். அடிமட்ட வேரியன்ட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முன்னால் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். உள்ள வண்டியாகவே தேடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள், விபத்தில் வெடித்த ஏர்பேக்காகவும் இருக்கலாம். குழந்தைக்குத் தனி சீட் வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய்ப் பின்னால் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

நிஸ்ஸான் டெரானோவையும் தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஆலை, அதே டீசல் இன்ஜின், முகம் மட்டும் வேறு. பெயர் குறைவாகத் தெரிந்த வண்டி என்பதால் பேரம் பேச இடமிருக்கும்.

காகிதத்தில் கவனிக்க வேண்டியது டெல்லி வண்டி. அங்கே பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டதால், அந்த வயதை நெருங்கிய டஸ்டர்கள் குறைந்த விலையில் வெளி மாநிலங்களுக்கு வந்தன. இங்கே மறுபதிவுக்கு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், அதுதான் படிவம் 28. சாலை வரியைத் தமிழ்நாட்டில் மறுபடி கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போகிற வண்டிகள் நிறைய. உள்ளூர் வண்டிக்குப் பெயர் மாற்ற படிவம் 29, 30. லோன் இருந்திருந்தால் ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை (ஹைப்போதிகேஷன்) நீக்க படிவம் 35. ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான், ஆகவே 2012 வண்டி 2027-இல் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டி வரும், பசுமை வரியும் உண்டு. இன்ஷூரன்ஸில் விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

வாங்கியபின் முதல் வாரத்தில் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். டீசலுக்குச் சுமார் நாலரை லிட்டர் ஆயில் பிடிக்கும். அடுத்தது 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. டைமிங் பெல்ட் பில் இல்லாத வண்டியை அந்த வேலை முடியும்வரை வெளியூருக்கு எடுக்காதீர்கள். சாதாரண டஸ்டரில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் வெளியே தொங்குகிறது. வருஷக்கணக்கில் சேறு ஏறி அதைத் தாங்கும் கூடையின் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். வீட்டு வாசலிலேயே ஒருமுறை இறக்கி, கிரீஸ் தடவி, காற்று நிரப்பி மாட்டிவிடுங்கள். நடுராத்திரி பைபாஸில் பஞ்சர் ஆகும்போதுதான் அந்த போல்ட் கழலவில்லை என்று பலருக்குத் தெரியவருகிறது.