குவாட் 405 பவர் ஆம்ப்: நாமளே கழட்டலாமா, டெக்னீஷியன்கிட்ட குடுக்கணுமா?

பழைய குவாட் 405 (ஸ்பீக்கரை ஓட்டுற ஸ்டீரியோ ஆம்ப்) கைக்கு வந்திருக்கு, சவுண்ட்ல ஏதோ கோளாறு, நாமளே திறந்து பாக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்குத்தான் இது. மீட்டர் பிடிக்கவும் சால்டரிங் பண்ணவும் தெரிஞ்சவங்கன்னா தாராளமா பாக்கலாம். ஆனா எல்லா ஹை-எண்ட் ஆம்புக்கும் இதையே சொல்ல மாட்டேன்.

1975ல வந்த மாடல் இது, சேனலுக்கு 100 வாட்ஸ். கரண்ட் டம்பிங்னு ஒரு டிசைன், அதாவது உள்ள ஒரு சின்ன க்ளாஸ் ஏ ஆம்ப் தரத்தைப் பாத்துக்கும், பெரிய அவுட்புட் ட்ரான்சிஸ்டருங்க பவரை மட்டும் தள்ளும், அதுங்க பண்ற டிஸ்டார்ஷனை சர்க்யூட்டே சரிக்கட்டிடும். அதனால பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதப்பவும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்ல ஓடவிடுற சின்ன கரண்ட், அதை செட் பண்ற வேலையே இல்ல. சாதாரண க்ளாஸ் ஏபி ஆம்ப்ல அவுட்புட் ட்ரான்சிஸ்டரை மாத்தினா பயாஸ் வைக்கணும், அது கொஞ்சம் கூடிப்போனாலும் சூடேறி புது ட்ரான்சிஸ்டரும் சேர்ந்து போயிடும், வீட்ல ரிப்பேர் பண்றவங்க நிறைய பேர் மாட்டிக்கிறது இந்த இடத்துலதான்.

கழட்டுறதுக்கு முன்னாடியே பாதி விஷயம் தெரிஞ்சிடும். பவர் சப்ளை ரெண்டு சேனலுக்கும் பொது, அதனால ரெண்டு பக்கமும் ஹம் (விடாம வர்ற 'ம்ம்'ங்கிற இரைச்சல்) வந்தா பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் மேல சந்தேகப்படுங்க. ஒரு பக்கம் மட்டும்னா இன்புட் வயரை இடம் மாத்திப் பாருங்க, ஹம் அதே பக்கம் நின்னா அந்த போர்டுலயோ இன்புட் வயர் மாட்டுற டின் (DIN) சாக்கெட்லயோதான் கோளாறு.

உள்ள கை வைக்கிறவங்க ஒன்னு கவனிங்க. அந்த ஃபில்டர் கெபாசிட்டர் ஒவ்வொன்னும் 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் பக்கம் சார்ஜ் நிக்கும், ப்ளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது. ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ற பழக்கமே வேணாம், 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒரு நிமிஷம் வச்சு இறக்கிட்டு மீட்டர்ல செக் பண்ணிட்டுத்தான் தொடணும். வேலை முடிஞ்சு முதல் தடவை ஆன் பண்றப்போ ஆம்புக்கு வர்ற மெயின்ஸ் லைன்ல சீரிஸா ஒரு குண்டு பல்பு போடுங்க, எல்இடி இதுக்கு ஆகாது. பல்பு ஒரு நொடி பளிச்னு எரிஞ்சு மங்கினா நல்லது, மங்காம எரிஞ்சிட்டே இருந்தா எங்கயோ ஷார்ட், உடனே ஆஃப். அப்புறம் ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி வோல்டேஜ் பாக்கணும், சில பத்து மில்லிவோல்ட்னா ஓகே, வோல்ட் கணக்குல வந்தா ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, வாய்ஸ் காயில் கருகிடும்.

சிலர் வாங்கின உடனே ஆப்-ஆம்பை (இன்புட் பக்கம் இருக்கிற சின்ன ஐசி) மாத்தி அப்கிரேட் பண்ணக் கிளம்பிடுறாங்க, தயவுசெஞ்சு முதல்ல ரிப்பேர் முடிங்க, கொஞ்ச நாள் கேளுங்க, அப்புறம் பாத்துக்கலாம்.

அவுட்புட் ட்ரான்சிஸ்டர் வெடிச்சு போர்டும் கருகியிருந்தா நல்ல டெக்னீஷியன்கிட்டயே குடுத்துடுங்க, கழட்டின பழைய பார்ட்ஸைத் திருப்பித் தருவாரான்னு முதல்லயே கேட்டுக்கோங்க, எது நிஜமா போச்சுன்னு அதுல தெரிஞ்சிடும். 400 வோல்ட்டுக்கு மேல ஓடுற வால்வ் ஆம்பையும், சர்வீஸ் மேனுவலே கிடைக்காத, போர்டு பூரா எஸ்எம்டியா (போர்டு மேலயே சால்டர் பண்ணின குட்டிப் பார்ட்ஸ்) இருக்கிற புது மாடலையும் வீட்ல திறக்காதீங்க.