ஆயில் டிரெயின் வால்வு: 1,690 ரூபாய் வாங்கிவிட்டு "இறுக்கித் திருகுங்க சார்" என்கிறார்கள்

ஐந்தரை எச்பி பெட்ரோல் பம்ப் என்ஜினுக்கு ஆயில் இறக்கும் வால்வு ஒன்று 1,690 ரூபாய் கொடுத்து வாங்கி மேஜைமேல் கிடக்கிறது. என்ஜினில் ஏறாது. விற்றவர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். விற்ற தளமோ "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் அனுப்பிவிட்டு மூடிவிட்டது. பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்), பம்ப் செட், சின்ன ஜெனரேட்டர் வைத்திருக்கும் யாரும் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காகச் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

தளத்தின் பெயர் வேண்டாம். பைக், பம்ப், வீடர் என்று எல்லாவற்றுக்கும் உதிரிபாகம் விற்கும் ஆன்லைன் சந்தை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வால்வு ஏன் தேவைப்படுகிறது என்பது வீடர் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். ஹோண்டா ஜிஎக்ஸ்160 வகை என்ஜினில் பிடிப்பது சுமார் 0.6 லிட்டர் ஆயில்தான். புது என்ஜின் என்றால் முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை மாற்ற வேண்டும். அதன்பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது. புழுதியில் ஓடினால் இன்னும் சீக்கிரம். ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட், கிராங்க் கேஸின் (என்ஜினின் அடிப்பெட்டி) அடியோரத்தில், ஃபிரேமுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். கழற்றினால் சூடான ஆயில் ஃபிரேம்மேல் வழிந்து, பெல்ட்டில் பட்டு, தரையெல்லாம் ஆகும். போல்ட்டுக்குப் பதில் ஒரு வால்வைப் போட்டுவிட்டால், ஹோஸை மாட்டி, லீவரைத் தூக்கித் திருப்பினால் போதும், ஆயில் நேராகப் பாட்டிலுக்குள் இறங்கும். ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கழற்றி மாட்டி அலுமினிய மரை தேயும் கவலையும் இல்லை. நல்ல வால்வு நல்ல பொருள்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

விளம்பரத்தில் போட்டிருந்தது இது: முழுப் பித்தளை உடல், எம்10 மரை (விட்டம் 10 மில்லிமீட்டர்), 1.25 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி, மில்லிமீட்டரில்), லீவர் தானாகத் திறக்காமல் பிடிக்கும் லாக் கிளிப் உண்டு, ஹோஸ் மாட்டும் மூக்கு உண்டு, ஜிஎக்ஸ்160 வகைக்குப் பொருந்தும். இதே பாணியில் வரும் சீனத்து 168எஃப், 170எஃப் என்ஜின்களில் எல்லாத் தயாரிப்பும் ஒரே மரையில் வருவதில்லை. அதனால் பணம் கட்டும்முன் சாட்டில் கேட்டேன். சும்மா கேட்கவில்லை. என் என்ஜினின் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, பிட்ச் கேஜில் (மரை இடைவெளியை அளக்கும் பல் தகடு) 1.25 பல் பொருந்தி உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, "இதே மரையா?" என்று கேட்டேன். "கன்ஃபார்ம் சார், 1.25தான், 100% ஃபிட்" என்று பதில் வந்தது. கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை. படத்தைப் பார்த்துத்தானே சொல்கிறார் என்று நம்பி 1,690 ரூபாயைக் கட்டினேன்.

வந்தது சாதா பாலிதீன் கவர். தயாரித்தவர் பெயர் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்று இல்லை, அதிகபட்ச விலை இல்லை. பேக் செய்து விற்கும் பொருளில் இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் எடையளவு விதி. லாக் கிளிப்பும் இல்லை. பிட்ச் கேஜை வைத்தால் 1.25 பல் உட்காரவில்லை, 1.5 கச்சிதமாக உட்கார்கிறது. மரைக்கு மேலே, வெளியே தெரியாத இடத்தில் சின்ன அரத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். மஞ்சள் பூச்சு விலகி, உள்ளே சாம்பல் வெள்ளை. பித்தளை என்றால் எவ்வளவு ஆழம் அராவினாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். இது துத்தநாகக் கலவையில் வார்த்து மஞ்சள் முலாம் பூசியது. நடுவில் ஆயில் போகத் துளையிட்ட எம்10 மரையில் சுவர் ஏற்கெனவே மெலிசு. அதைத் துத்தநாகத்தில் செய்தால் இறுக்கும்போதே கழுத்தில் முறிந்து, மரைத்துண்டு என்ஜினுக்குள் மாட்டிக்கொள்ளும்.

திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிப் படங்களோடு எழுதியதற்கு விற்றவர் சொன்ன பதிலில்தான் ரத்தம் கொதித்தது: "கொஞ்சம் டைட்டா இருக்கும் சார். ஸ்பேனர் போட்டு இறுக்கித் திருகுங்க, போயிடும்."

போகும். அதுதான் ஆபத்தே. 1.5 பிட்ச் வால்வை 1.25 துளையில் வைத்தால் முதல் ஒன்றரை, இரண்டு சுற்று கையாலேயே ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் கால் மில்லிமீட்டர் விலகுவதால் அதன்பிறகு பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பேனர் போட்டால் வார்ப்பு அலுமினிய மரை நசுங்கி வழிவிடும். கைக்கு நன்றாக இறுகியது போலவே தெரியும். உண்மையில் அதைப் பிடித்திருப்பது கிழிந்த மரையின் மிச்சம். நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர் என்ஜினின் அதிர்விலும் சூட்டிலும் அது எத்தனை நாள் நிற்கும்? முதலில் கசியும், பிறகு சொட்டும், ஒருநாள் வயல் நடுவே வால்வோடு கழன்று விழும்.

இந்த வகை என்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சின்ன நாக்கு ஆயிலை அடித்துத் தெளிப்பதுதான் மொத்த உயவும். மட்டம் இறங்கி நாக்குக்கு ஆயில் எட்டாமல் போனால், அலுமினிய ராடு, தான் மாட்டியிருக்கும் கிராங்க் பின்னில் காய்ந்து ஓடிப் பிடித்துக்கொள்ளும். ராடு உடைந்தால் கிராங்க் கேஸையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். கிழிந்த மரையின் பொடி உள்ளே விழுந்தால் வடிகட்ட ஒன்றும் இல்லாததால் அதுவும் ஆயிலோடு சேர்ந்து தெளிபடும். ஆயில் குறைந்தால் தானே நிற்கும் சென்சார் எல்லா என்ஜினிலும் இல்லை. விலை குறைந்த வீடர்களில் பெரும்பாலும் எதிர்பார்க்காதீர்கள். இவ்வளவையும் ஒரு வரியில் "இறுக்கித் திருகுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். விவரம் தெரியாத விவசாயி ஒருவர் இதைக் கேட்டு ஸ்பேனரை எடுத்திருந்தால் 1,690 ரூபாயோடு போயிருக்காது, என்ஜினே போயிருக்கும்.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். முதலில் இயந்திரப் பதில்: "படம் மாதிரிக்கு மட்டுமே." அடுத்து ஒருவர்: "மரை அளவைச் சரிபார்ப்பது வாங்குபவர் பொறுப்பு." சரிபார்த்துத்தானே வாங்கினேன், சாட்டைப் பாருங்கள் என்றால், "விற்பனையாளர் சாட்டில் சொல்வதற்குத் தளம் பொறுப்பில்லை." அந்தச் சாட் பெட்டி உங்கள் தளத்துக்குள்தானே இருக்கிறது? அதற்குப் பதில் இல்லை. அரத்தால் கீறியதைக் காட்டி "பயன்படுத்திய பொருள், ரிட்டர்ன் கிடையாது" என்றார் இன்னொருவர். பூச்சைச் சோதிக்காமல் அது பித்தளை இல்லை என்று எப்படி நிரூபிப்பதாம்? கடைசியில் விற்றவரே திரும்ப வந்து, 1.5ஐ 1.25 ஆக்கும் அடாப்டர் இருக்கிறது, தனியாகக் காசு கட்டினால் அனுப்புகிறேன் என்கிறார். 1,690 ரூபாய்க்குத் தப்பான சரக்கு, அதைச் சரிசெய்ய இன்னும் காசு!

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக்கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன். 1,690 ரூபாய் என்ன பெரிய தொகையா என்று விட்டுவிடுவார்கள் என்பதுதான் இவர்கள் போடும் கணக்கு. விடப்போவதில்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை, அவசரமாக இவை மட்டும். வால்வு கைக்கு வந்ததும் பழைய போல்ட்டை அதன் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள்; இடைவெளி தெரிந்தால் அது உங்கள் என்ஜினுக்கு இல்லை. கேஜ் இல்லையென்றால் ஸ்கேலை வைத்து எண்ணுங்கள்: 10 மில்லிமீட்டருக்குள் 1.25 பிட்சில் 8 மரை இருக்கும், 1.5 என்றால் ஏழுகூட வராது. முழு மரையும் விரலாலேயே ஏற வேண்டும், ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும். லாக் கிளிப் இல்லாத வால்வை வீடரில் போடவே போடாதீர்கள், கட்டை தட்டினால் லீவர் திறந்துவிடும். துளைக்கும் அடிபிளேட்டுக்கும் நடுவே வால்வின் உடம்பு முழுச்சுற்று சுற்ற இடம் இருக்கிறதா என்று வாங்கும்முன் அளந்துகொள்ளுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ரிட்டர்ன் கெடு முடியும்முன் மரையைப் பாருங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.