நான்கு ஆண்டுகளாக டிஸ்கஸ்: பொதுத் தொட்டியில் வளர்த்த அனுபவம்

பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நான்கடித் தொட்டி இருக்கிறது. 2021 பொங்கலுக்குத் தண்ணீர் நிரப்பியது. இன்று அதில் தட்டுப் போலத் தட்டையான வண்ண மீனான டிஸ்கஸ் ஐந்து, கூடவே சிறு மீன்களாக இருபது கார்டினல் டெட்ரா, பத்து ரம்மி நோஸ், ஆறு ஸ்டெர்பாய் கோரி, பாசி தின்னும் பிரிஸ்டில்நோஸ் ஒன்று இருக்கின்றன. இப்படிப் பல வகை மீன்கள் ஒன்றாக வாழ்வதைத்தான் பொதுத் தொட்டி என்கிறோம். எல்லாம் நன்றாக இருக்கின்றன. புதிதாக மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் இரண்டு டிஸ்கஸ் விடலாமா?" கூடாது. டிஸ்கஸுக்கென்று தொட்டி அமைத்துவிட்டு, அதற்கு ஒத்துவரும் மீன்களை அப்புறம் சேர்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றித்தான் நான் முதலில் தோற்றேன்.

2020இல் என்னிடம் மூன்றடித் தொட்டி இருந்தது. இரண்டு ஏஞ்சல், நான்கு டைகர் பார்ப், ஒரு சக்கர் மீன். கொளத்தூர் பக்கம் ஒரு கடையில் இரண்டங்குல டிஸ்கஸ் குட்டிகளைப் பார்த்தேன். "எல்லாத்தோடயும் ஒத்துப்போகும்" என்று சொல்லி இரண்டைக் கட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர் 26 டிகிரி, டிஸ்கஸுக்கு அது குறைவு. சாப்பாடு போட்டால் பார்ப்கள் பாய்ந்து முடித்துவிடும். டிஸ்கஸ் நிதானமாக வந்து, பார்த்து, ஊதிப் பார்த்துச் சாப்பிடும் மீன். அது வாய் வைப்பதற்குள் ஒன்றும் மிஞ்சாது. பகலில் பட்டினி, இரவில் சக்கர் மீனின் தொல்லை. டிஸ்கஸின் தட்டையான உடம்பில் வழவழப்பான ஒரு படலம் உண்டு. சக்கர் மீன் அதில் ஒட்டிக்கொண்டு சுரண்டும். காலையில் பார்த்தால் பக்கவாட்டில் வெள்ளையாகச் சுரண்டல் தடம் இருந்தது. பத்தொன்பதாம் நாள் ஒன்று செத்தது, இரண்டு மாதத்தில் மற்றதும் போனது. கடைசி நாட்களில் அது உடம்பெல்லாம் கறுத்து, மூலையில் தலையைச் சாய்த்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. (சக்கர் மீனைத் திருப்பிக் கொடுக்கக் கடை கிடைக்கவில்லை என்று ஏரியில் விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது.)

அதன் பிறகு கிடைத்த இன்னொரு கடைக்கார அண்ணன்தான் எனக்கு வழி காட்டினார். "தம்பி, குட்டி வாங்காதே. நாலு அங்குலத்துல ஆறு மீனா ஒண்ணா வாங்கு. காசு இல்லன்னா ஆறு மாசம் சேர்த்துட்டு வா" என்றார். சேர்த்துக்கொண்டு போனேன். ஒரு மீன் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. குட்டிக்கு ஒரு நாளில் நான்கைந்து வேளை தீனி வேண்டும். அத்தனை வேளை போட்டால் தண்ணீரும் அதே வேகத்தில் கெடும். வேலைக்குப் போகிறவரால் அது முடியாது. நாலங்குல மீனுக்கு இரண்டு மூன்று வேளை போதும். ஆறாக வாங்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. டிஸ்கஸ் கூட்டத்தில் யார் பெரியவர் என்ற போட்டி எப்போதும் நடக்கும். இரண்டு மூன்று மீன் என்றால் பலவீனமான ஒன்றே எல்லா அடியையும் வாங்கும். ஆறு இருந்தால் அந்த அடி பிரிந்துபோகும்.

தொட்டியின் அளவு நான்கடிக்கு ஒன்றரை அடி, உயரமும் ஒன்றரை அடி. மேலே விட்ட இடமும் மணலும் போகக் கிட்டத்தட்ட 220 லிட்டர் தண்ணீர். வளர்ந்த டிஸ்கஸ் ஆறங்குலம் வரும். உயரம் குறைந்த தொட்டியில் அது நிம்மதியாக நீந்த முடியாது. தொட்டிக்கு வெளியே மூடிய பெட்டியாக நின்று, குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்து வடிகட்டும் கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்று, அதோடு தொட்டிக்குள்ளேயே ஏர் பம்பில் ஓடும் பெரிய ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று. மீன் இல்லாமல் ஆறு வாரம் ஓடவிட்டேன். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன் வாங்கப் போனேன்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். டிஸ்கஸ் அமேசான் படுகையின் மீன். அங்கே தண்ணீர் மென்மையானது, அமிலத்தன்மை உள்ளது, வெதுவெதுப்பானது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900. பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் காட்டு மீன் அளவுக்குக் கறாராக இருக்காது, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7க்குச் சற்று மேலே போனாலும் தாங்கும். ஆனால் 900 என்பது நான் எடுக்க விரும்பாத ஆபத்து. சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு பங்கு, குளோரின் நீக்கிய மெட்ரோ தண்ணீர் ஒரு பங்கு என்று டிரம்மில் கலந்து வைக்கிறேன். டி.டி.எஸ். 160 பக்கம் நிற்கும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் பி.எச்.ஐத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கிட்டத்தட்ட இருக்காது, திடீரென்று சரிந்துவிடும். எண் ஏழா ஆறரையா என்பதைவிட, இந்த வாரமும் அடுத்த வாரமும் அதே எண்ணாக இருப்பது முக்கியம்.

வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 60, 65 லிட்டர் மாற்றுகிறேன். நான்கு ஆண்டுகளில் என் நேரத்தை அதிகம் கேட்ட வேலை இதுதான், பலன் கொடுத்த வேலையும் இதுதான். தண்ணீர் மாற்றிய மறுநாள் மீன்களின் நிறம் தெரிகிற விதமே வேறு. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் அம்மா வீடு துடைக்கிறார், அதனால் வீட்டில் சண்டை இல்லை.

வெப்பம் 29 டிகிரி. கூட வாழும் மீன்களை முடிவு செய்வது இந்த எண்தான். நியான் டெட்ரா இந்தச் சூட்டில் நீண்ட நாள் நிற்காது. பார்க்க அதைப் போலவே இருக்கும் கார்டினல் நிற்கும். கோரிகளில் ஸ்டெர்பாய் தாங்கும். செடியிலும் அமேசான் ஸ்வார்ட், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போதும். சென்னையில் ஹீட்டருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் உண்மையான வேலை. மே மாதம் தண்ணீர் தானாகவே 32 தொடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும் என்பதால் அப்போது ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிடுகிறேன்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல்தான் பெரிய சோதனை. எங்கள் தெருவில் 40 மணி நேரம் மின்சாரம் இல்லை. பேட்டரி ஏர் பம்பை ஸ்பான்ஜ் ஃபில்டரில் மாட்டினேன். தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மோகோல் வைத்தோம், அம்மா பழைய கம்பளியைப் போர்த்தினார். தீனியை அடியோடு நிறுத்தினேன். தண்ணீர் 25க்கு இறங்கியது, ஆனால் மெல்ல இறங்கியதால் மீன்கள் தாங்கின. மின்சாரம் வந்ததும் கேனிஸ்டரை அப்படியே ஓட்டவில்லை. ஓட்டம் நின்ற கேனிஸ்டருக்குள் பாக்டீரியா செத்து அழுகத் தொடங்கும். சுவிட்சைப் போட்டால் அந்தத் தண்ணீர் அத்தனையும் தொட்டிக்குள் வரும். திறந்தேன், முட்டை அழுகிய வாடை. தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டினேன். கேனிஸ்டர் மட்டும் நம்பி இருப்பவர்கள் ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு அது அவசியம்.

ஆறில் ஒன்றை இழந்ததற்குக் காரணம் என் அவசரம். இரண்டாம் ஆண்டில் உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழு வாங்கிப் போட்டேன், மீன் ஆவலாகச் சாப்பிட்டது. சாக்கடைச் சேற்றில் வளரும் புழு அது. நோயும் கூடவே வரலாம் என்று படித்திருந்தும் போட்டேன். பத்து நாளில் ஒரு மீனின் கழிவு வெள்ளை நூலாக நீண்டது, சாப்பாட்டைத் துப்பியது. குடலில் ஒட்டுண்ணி இருக்கும்போது பொதுவாகத் தெரியும் அடையாளம் இது. தனித் தொட்டிக்கு மாற்றி, சூட்டை 32க்கு ஏற்றி, மெட்ரோனிடசோல் மருந்து கொடுத்தேன், ஆனால் தாமதமாகிவிட்டது. இப்போது உறைந்த பிளட் வோர்ம் புழுவும் குருணைத் தீனியும், வாரம் ஒரு முறை பொடியாக நறுக்கிய இறாலும்தான். புது மீன் எதுவானாலும் நான்கு வாரம் தனித் தொட்டியில் இருந்த பிறகே உள்ளே வரும்.

இன்னொன்று, இருட்டில் தொட்டி விளக்கைச் சட்டென்று போடாதீர்கள். டிஸ்கஸ் பயந்து கண்ணாடியில் மோதும். என் டிஸ்கஸில் ஒன்றான சிவப்பு டர்காய்ஸின் நெற்றியில் அப்படி வாங்கிய தழும்பு உண்டு. முதலில் கூடத்து விளக்கு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு.

அந்தச் சிவப்பு டர்காய்ஸும் இன்னொரு நிற வகை டிஸ்கஸான ஒரு புளூ டைமண்டும் இந்த ஆண்டு ஜோடி சேர்ந்திருக்கின்றன. கேனிஸ்டர் குழாயைச் சுத்தம் செய்து முட்டையிடும், இரண்டும் மாறி மாறி விசிறும். டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு முதல் உணவு பெற்றோரின் உடம்பில் சுரக்கும் அந்த வழவழப்புதான். அதை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பொதுத் தொட்டியில் அது நடக்கவில்லை. மூன்று முறையும் மூன்றாம் இரவுக்குள் டெட்ராக்கள் முட்டையை முடித்துவிட்டன. ஜோடிக்காக இரண்டடித் தொட்டி ஒன்றை மாடியறையில் ஓடவிட்டு இது நான்காவது வாரம். நேற்று நைட்ரைட் இன்னும் லேசாகக் காட்டியது.