கருப்பை அறுவை சிகிச்சைக்காகக் காரைக்குடிக்கு வந்தபோது

சிங்கப்பூரில் இருந்துகொண்டு கருப்பை நீக்க அறுவை சிகிச்சைக்குக் காரைக்குடியைத் தேர்ந்தெடுத்ததற்கு மருத்துவச் செலவும் ஒரு காரணம் என்றாலும், முதன்மையான காரணம் பிள்ளைகள்தாம். மூத்தவள் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள். இளையவனுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. அறுவைக்குப் பின் ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள்; பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளை இரு கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரே நிற்கும்போது என்ன செய்வது என்பதை அவர்கள் சொல்வதில்லை. கணவருக்குக் கிடைக்கும் விடுப்பு இரண்டு வாரத்தைத் தாண்டாது. ஆகவே ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையோடு சில வாரங்கள் கூடுதல் அனுமதியும் பெற்று, திருச்சி வழியாக அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இதே நிலையில் ஊருக்கு வர எண்ணும் பெண்கள் சிலராவது இருப்பார்கள் என்பதால், இங்கு எது ஒழுங்காக நடந்தது, எது நடக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

எனக்கு இருந்தது அடினோமையோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவரில் வளர வேண்டிய திசு தசைச்சுவருக்குள்ளும் ஊடுருவி வளரும் நிலை. கூடவே இரண்டு நார்க்கட்டிகளும் இருந்தன. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஆகிய இரண்டையும் சிங்கப்பூரிலேயே முயன்று பார்த்தாயிற்று. ஹீமோகுளோபின் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றது. இனிப் பிள்ளைப்பேறு வேண்டாம் என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயம் இல்லாததால், அறுவைக்கு உடன்படுவது எனக்குப் பெரிய மனப்போராட்டமாக இருக்கவில்லை.

ஆனால் எந்த அளவுக்கு அகற்றுவது என்ற கேள்வியில் பெண்கள் விழிப்பாக இருக்க வேண்டும். முதலில் உறவினர்கள் பரிந்துரைத்த ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றபோது, ஸ்கேன் படத்தை அரை நிமிடம் பார்த்த மருத்துவர், "எல்லாத்தையும் எடுத்துடலாம்மா, பின்னாடி தொந்தரவே இருக்காது" என்றார். அந்த 'எல்லாம்' என்பதில் இரண்டு சினைப்பைகளும் அடக்கம். நாற்பது வயதை எட்டாத ஒருத்திக்குச் சினைப்பைகளை எடுத்தால் மாதவிடாய் நிற்கும் பருவம் அன்றைக்கே வந்துவிடும். எலும்புத் தேய்வுக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும். அதை அவர் சொல்லவில்லை. நான் கேட்டபோதும் நேராகப் பதில் வரவில்லை. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டதும், அவற்றை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டதும் காரணமில்லாமல் நிகழ்ந்தவை அல்ல என்பது அந்த அறையில் எனக்குப் புரிந்தது. இரண்டாவதாகப் பார்த்த பெண் மருத்துவர், ஒரு வெள்ளைத்தாளில் படம் வரைந்து, கருப்பையையும் கருப்பைவாயையும் சினைக்குழாய்களையும் மட்டும் அகற்றி, சினைப்பைகளை விட்டுவிடலாம் என்றார்; சினைப்பைப் புற்றுநோய்களில் பல சினைக்குழாயின் முனையில்தான் தொடங்குகின்றன என்பதால் குழாய்களை எடுப்பது நல்லது என்று விளக்கமும் தந்தார். அவரிடமே செய்துகொண்டேன்.

அறுவைக்கு முன்பு பாப் ஸ்மியர் எனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை, கருப்பை உட்சுவர்ப் பயாப்ஸி, ஈசிஜி, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் ஊரிலேயே முடிந்தன. ரத்தச்சோகையைச் சரிசெய்யாமல் அறுவை அறைக்குள் செல்ல அவர் இசையவில்லை. இரும்புச்சத்து மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டிய பிறகே நாள் குறித்தார். இந்த இடைவெளிக்கு மூன்று வாரமாவது தேவைப்படும் என்பதால், ஊருக்கு வந்த மறுநாளே அறுவை என்று திட்டமிடுகிறவர்கள் அந்த மருந்தைப் புறப்படும் முன்பே ஏற்றிக்கொண்டு வருவது உத்தமம். ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். பங்காளி வீட்டுத் தம்பிகள் இருவர் கேட்டதும் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒப்புதல் படிவத்தில் கணவரின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று வரவேற்பு மேசையில் பிடிவாதம் பிடித்தார்கள். அவர் அப்போது இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஒப்புதலே செல்லுபடியாகும், அவருக்குப் பதிலாக உறவினர் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருப்பதை அமைதியாக எடுத்துக் கூறிய பின், சாட்சிக் கையெழுத்தாக அம்மாவுடையதை வாங்கிக்கொண்டார்கள். அந்த வழக்கும் மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை அகற்றியதைப் பற்றியதுதான்.

லேப்ராஸ்கோப்பி முறை என்பதால் வயிற்றில் சிறுசிறு துளைகள் மட்டுமே. மறுநாள் எனக்கு வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகமாக வலித்தது. வயிற்றுக்குள் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படி வலிக்கும் என்றும், நடந்தால் குறையும் என்றும் செவிலியர் சொன்னார். "அக்கா, ஒரு பக்கமா உருண்டு, கைய ஊனி எந்திரிங்க" என்று அவர் கற்றுக்கொடுத்த முறையையும், இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதையும் வீட்டுக்கு வந்த பின்னும் பல நாட்கள் கடைப்பிடித்தேன். செவிலியர்களின் கவனிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பார்வையாளர்களைக் கட்டுப்படுத்தத்தான் அங்கு யாரும் இல்லை; அறுவை முடிந்த அன்று மாலை என் கட்டிலைச் சுற்றி ஒரு சின்ன கல்யாணக் கூட்டமே இருந்தது.

உண்மையான வேலை வீட்டில்தான் இருந்தது. முகப்பு, வளவு எனும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோட்டில் நீளும் பழைய செட்டிநாட்டு வீடு எங்களுடையது. ஊரார் அழகு என்று படம்பிடித்துப் போகும் அம்சங்கள் எல்லாம், வயிற்றில் தையலோடு இருப்பவளுக்கு ஒவ்வொன்றாக இடைஞ்சல் ஆகின்றன. கட்டுக்குக் கட்டு உயர்ந்த நிலைப்படி. கழிப்பறையோ கடைசிக் கட்டில், அதுவும் குத்துக்காலிட்டு உட்காரும் வகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வளவிலிருந்து சாரல் அடித்தால், வழவழவென்று தேய்ந்த ஆத்தங்குடிக் கல்லில் நல்ல உடம்புக்காரருக்கே கால் வழுக்கும். எனவே அறுவைக்கு முன்னரே, சர்ஜிக்கல் கடையில் கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கினோம். வளவை ஒட்டிய அறையைப் படுக்கையறையாக்கி, உயரமான கட்டிலை அங்கே மாற்றி, நடைபாதை நெடுகச் சணல் சாக்குகளை விரித்தோம். ஒன்று மட்டும் அந்த வீட்டுக்குச் சாதகம்: நடக்கச் சொன்ன மருத்துவருக்காகத் தெருவில் இறங்க வேண்டியிருக்கவில்லை. முகப்பிலிருந்து அடுப்படி வரை இரண்டு முறை போய்வந்தால் அன்றைய நடை முடிந்துவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில், இளையவனைக் குளிப்பாட்டி, உடுத்தி, தூக்கி அலைய ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தினோம். இதில் மிக முக்கியமானது, அவரை அறுவைக்குப் பத்து நாள் முன்னதாகவே வரச்செய்ததுதான். என்னிடம் ஒட்டிக்கிடந்தவன் அதற்குள் அவரிடம் பழகிவிட்டான். அவனைத் தூக்குவதற்குப் பதிலாக, நான் நாற்காலியில் அமர்ந்து மடியில் தலையணை வைத்தபின் அவனே பக்கவாட்டில் ஏறி உட்காரலாம் என்று விதி வகுத்தோம். மூத்தவளோ அந்த விதியின் காவலாளியாக மாறி, தம்பி ஓடிவரும்போதெல்லாம் "தலகாணி, தலகாணி" என்று கத்திக்கொண்டு குறுக்கே நின்றாள். அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. 'ஆயா (பாட்டி) பார்த்துக்கொள்வார்' என்ற நம்பிக்கையில் ஆள் வைக்காமல் வருகிறவர்கள், இரண்டாம் வாரத்தில் இரண்டு நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

பத்தியம் பற்றி வீட்டில் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. தண்ணீர் குறைத்துக் குடித்தால்தான் புண் ஆறும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தண்ணீரும் நார்ச்சத்தும் இல்லாவிட்டால் மலச்சிக்கலில் முக்கி முக்கியே உள்தையலுக்குக் கேடு வரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். முட்டை, மீன், கீரை, பூண்டுக் குழம்பு ஆகியவற்றில் இரு தரப்பும் உடன்பட்டன. பார்க்க வந்த ஆச்சிமார் ஆளுக்கொரு தூக்கில் கவுனி அரிசி கொண்டுவந்தார்கள். அதை மறுக்கும் துணிவு எனக்கு இல்லை. பிள்ளையார் நோன்பன்று எல்லோரும் தரையில் அமர்ந்திருக்க, நான் நாற்காலியில் இருந்தபடியே இழை (இனிப்பு மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுத்துக்கொண்டேன். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

சிறிதளவு ரத்தக்கசிவு சில வாரம் இருந்தது, அது இயல்பு. காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் அளவு ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டி, கீழே 108 என்றும் எழுதி வைத்தோம். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால், திருச்சியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணமே என்றாலும், ஆறாவது வாரப் பரிசோதனை முடியும் வரை விமானம் ஏற வேண்டாம் என்றார். தாம்பத்திய உறவுக்கும் அந்தப் பரிசோதனை வரை தடை.

பணத்தைப் பொறுத்தவரை, முழுச் செலவும் கைப்பணம். இந்தியக் காப்பீட்டுத் திட்டங்களில் நார்க்கட்டிக்கும் கருப்பை நீக்கத்துக்கும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக் காத்திருப்புக் காலம் உண்டு. பயணக் காப்பீடு முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைக்குப் பணம் தராது. 'பேக்கேஜ்' என்று சொன்ன தொகையில் மருந்துகளும் பயாப்ஸியும் சேரவில்லை என்பது பில் வந்தபோதுதான் வெளிப்பட்டது. எதெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கருப்பை அகற்றப்பட்டது' என்று ஒரே வரி இருந்தது. சினைப்பைகள் விடப்பட்டனவா, கருப்பைவாய் எடுக்கப்பட்டதா என்ற விவரம் இல்லை. மருத்துவரிடம் சொல்லித் திருத்தி, முத்திரையோடு வாங்குவதற்கு இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் திரும்பியதும் எங்கள் மருத்துவர் முதலில் கேட்டது பயாப்ஸி அறிக்கையை. அடுத்ததாக, சினைப்பைகள் இருக்கின்றனவா என்று. திருத்திய தாளை அவர் முன் வைத்தேன். இனிப் பாப் ஸ்மியர் தேவையில்லை என்று பதிவில் குறித்துக்கொண்டார்.