எரிந்த சீலிங் ஃபேனுக்குக் காயில் கட்டலாமா?

சீலிங் ஃபேன் எரிந்துபோனால் அதில் கெட்டுப்போவது ஒரு கைப்பிடிச் செம்புக் கம்பியும் கொஞ்சம் காப்புத்தாளும்தான். இரும்புத் தகடு அடுக்கு, அலுமினிய மூடி, இறக்கை, ராடு எல்லாம் அப்படியே நன்றாக இருக்கும். அத்தனையையும் எடைக்குப் போகாமல் காப்பாற்றுவது, எரிந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதிது சுற்றித் தரும் தெருமுனைக் காயில் கடை. வேலை சுத்தமாக இருந்தால் கொடுக்கும் காசு முழுவதும் தகும். எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், காயில் உண்மையிலேயே போய்விட்டதா? கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறது, அல்லது ரெகுலேட்டரை 5-ல் வைத்தும் மெதுவாகவே சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். 2.5 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) அளவில் ஒன்று மாற்றினால் போதும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். 6201, 6202 எண்கள் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். கருகிய வாடை அடித்தால், அல்லது சீரீஸ் பல்பில் (மின் பாதையில் ஒரு பல்பைத் தொடராக இணைத்துச் சோதிப்பது) வைக்கும்போது ஒயருக்கும் பாடிக்கும் இடையே பல்பு எரிந்தால் காயில்தான்.

மோசடி நடப்பது கம்பியில். சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் 36 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) செம்பு போடுவார்கள். அதற்குப் பதில் அலுமினியம் சுற்றிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. மேலே எனாமல் பூச்சு இருப்பதால் பார்த்தால் தெரியாது. கம்பி நுனியை பிளேடால் ஆழமாகச் சுரண்டுங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதே தடிமனில் அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட 1.6 மடங்கு, கோடையில் இரவு பகலாக ஓடும்போது சூடேறி மறுபடியும் எரியும். சுற்று எண்ணிக்கை குறைந்தாலும் இதே கதிதான். பழைய காயிலைப் பிரிக்கும்போதே ஸ்டார்ட்டிங், ரன்னிங் என்ற இரண்டு காயிலின் சுற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்கிற கடைக்காரரை விடாதீர்கள்.

பழைய காயிலைத் தீயில் கொளுத்தி உருவுகிற கடையைத் தவிர்த்துவிடுங்கள். தகடுகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய காப்புப் பூச்சு அந்தச் சூட்டில் போய்விடும். அதன்பின் எவ்வளவு நல்ல கம்பி சுற்றினாலும் ஃபேன் கொதிக்கும். புகையும் நஞ்சு. உளியால் வெட்டி எடுப்பதுதான் முறை. வெட்டிய செம்பை உருக்கி மறுபடியும் கம்பியாக இழுக்கலாம், அதன் விலையைக் கூலியில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தார்களா என்றும் கேளுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். வார்னிஷ் இல்லாத சுற்று அதிர்ந்து உரசி, ஷார்ட் ஆகிவிடும். கழற்றும்போது இறக்கைகளுக்கு எண் போட்டுவையுங்கள். வேறு ஃபேனின் இறக்கை கலந்தால் ஆட்டம் நிற்காது.

எல்லா ஃபேனுக்கும் காயில் கட்டச் சொல்லமாட்டோம். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், எலக்ட்ரானிக் போர்டு வைத்த புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஹாலில் தினமும் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 43 யூனிட் மிச்சம். அங்கே புதிது வாங்குவதே சரி. ஆறு மணி நேரம் ஓடும் படுக்கையறையில் மிச்சம் 16 யூனிட்தான், அதற்குக் காயில் கட்டுங்கள். பி.எல்.டி.சி.யில் போர்டு போனால் அந்த மாடலுக்குரிய போர்டே வேண்டும், காயில் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்துவரும் முன் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தியபின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.