யுடைஸ் பிளஸ் தளம்: புது ஊரில் பள்ளி தேடும் பெற்றோருக்கு எவ்வளவு உதவுகிறது?

எனக்குப் பொதுத்துறை வங்கியில் வேலை. டிரான்ஸ்பர் ஆர்டர் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கைக்கு வரும். அதற்குள் பெயர் பெற்ற தனியார் பள்ளிகளில் அட்மிஷன் முடிந்துவிட்டிருக்கும். வீடு பார்க்க வேண்டும், சாமான் கட்ட வேண்டும், இதற்கு நடுவே புது கிளையில் யாராவது "என் பையன் அங்கேதான் படிக்கிறான், நல்லா இருக்கு" என்று சொன்னால் அதை நம்பிச் சேர்த்துவிடுவோம். எங்கள் அலுவலகத்தில் முக்கால்வாசிக் குடும்பங்களின் கதை இதுதான்.

இந்த முறை தஞ்சாவூரிலிருந்து கோவைக்கு மாற்றல். மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. யாரையும் கேட்பதற்கு முன்னால் நான் போய்ப் பார்த்தது, மத்திய கல்வி அமைச்சகம் நடத்தும் யுடைஸ் பிளஸ் தளத்தில் உள்ள 'நோ யுவர் ஸ்கூல்' பக்கத்தை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இப்படி ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. எல்லாமே இதில் அடக்கம். ஆண்டுதோறும் பள்ளிகள் கொடுக்கும் விவரங்களை வைத்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ரிப்போர்ட் கார்டு தயாராகிறது. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ரிப்போர்ட் கார்டைப் பார்த்தே பழகிய நமக்கு, பள்ளிக்கூடத்தின் ரிப்போர்ட் கார்டு கையில் கிடைப்பது பெரிய விஷயம்.

தேடுவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பள்ளிப் பெயர்கள் சுருக்கெழுத்தில் வரும்: பி.யு.பி.எஸ். என்றால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, பி.யு.எம்.எஸ். என்றால் நடுநிலைப்பள்ளி. ஊர்ப் பெயருக்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். கோவைக்குள் தேடுகிறோம் என்று நகரத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் பாதிப் பள்ளிகள் கண்ணில் படாது. அவை பெரியநாயக்கன்பாளையம், சர்க்கார் சாமக்குளம் என்று ஒன்றியப் பெயர்களின் கீழ் கிடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? அதனால் பின்கோடு போட்டுத் தேடுவதுதான் சுலபம். நான் 641034, 641035 என்று துடியலூர், சரவணம்பட்டிப் பக்கத்தைத் தேடினேன். வீடு இன்னும் முடிவாகவில்லை. பள்ளி முடிவான பிறகு வீடு பார்ப்பது என்பதில் நானும் கணவரும் உறுதியாக இருந்தோம். சத்தி ரோட்டில் காலை நேரத்து நெரிசலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

ரிப்போர்ட் கார்டில் வகுப்பறை, கழிப்பறை, நூலகம், கம்ப்யூட்டர் என்று நிறைய கட்டங்கள் இருக்கும். நான் முதலில் பார்ப்பது ஆசிரியர் பகுதியை. மொத்தம் எத்தனை பேர், அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, பகுதிநேரம் எத்தனை, பி.எட். முடித்தவர்கள் எத்தனை, 55 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை என்பது வரை போட்டிருக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர். மாணவர் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நிமிடத்தில் நிலவரம் தெரிந்துவிடும்.

அடுத்தது வகுப்புவாரியான மாணவர் எண்ணிக்கை. இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். பிராஸ்பெக்டஸில் ஸ்கேட்டிங், ரோபாட்டிக்ஸ், குதிரையேற்றம் வரை இருந்தது. ரிப்போர்ட் கார்டில் ஒன்றாம் வகுப்பில் நிறைந்து வழிகிற கூட்டம், ஐந்தாம் வகுப்பில் பாதியாகி இருந்தது. முந்தைய ஆண்டுகளின் கார்டையும் எடுத்துப் பார்த்தேன். அதே கதை. சேர்த்தவர்கள் ஏன் நிற்கவில்லை என்று கேட்காமல் அந்தப் பள்ளிக்குப் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது, "நிறைய பேர் ஐ.டி. வேலைக்காரங்க மேடம், ஊர் மாறிடுவாங்க" என்றார்கள். சரி, நாங்களும் ஊர் மாறுகிறவர்கள்தான். ஆனால் போகிறவர்கள் இருக்கிற ஊரில் வருகிறவர்களும் இருப்பார்களே?

அதே பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குச் சேர என் மகனுக்கு நுழைவுத் தேர்வு வைக்க வேண்டும் என்றார்கள். அந்த வயதுக் குழந்தைக்குச் சேர்க்கைத் தேர்வு வைக்கவே கூடாது என்று அதே கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். இதைச் சொன்னதும் அங்கே சேர்க்கையைக் கவனித்த அம்மையார் "இது டெஸ்ட் இல்ல மேடம், இன்டராக்‌ஷன்" என்றார். மேஜையில் வினாத்தாள் இருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

தளத்தின் குறையையும் சொல்ல வேண்டும். விவரங்களைக் கொடுப்பது அந்தந்தப் பள்ளியே. அதோடு, நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முந்தைய கல்வியாண்டின் நிலவரம். நடுவில் ஆசிரியர் ஓய்வு பெற்றிருக்கலாம், புதிதாக யாராவது வந்திருக்கலாம். அதனால் கார்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரில் போய் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. நாங்கள் அப்படித்தான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்குப் போனோம். கார்டில் ஆசிரியர் விகிதம் நன்றாக இருந்தது. தமிழ், ஆங்கிலம் இரண்டு வழியிலும் வகுப்புகள் இருப்பதாகப் போட்டிருந்தது.

தலைமையாசிரியர் நாங்கள் நீட்டிய தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "ஏனுங்க மேடம், இதையெல்லாம் நாங்க ராத்திரி உக்கார்ந்து ஏத்துவோம். யாரும் பார்க்கறாங்களான்னு நினைச்சிருக்கேன். நீங்க பிரின்ட் எடுத்துட்டே வந்துட்டீங்க" என்று சிரித்தார். பிறகு அவரே எங்களைக் கூட்டிப் போனார். பெண் குழந்தைகள் கழிப்பறையில் தாளில் உள்ள எண்ணிக்கை இருந்தது. ஒன்றில் தாழ்ப்பாள் மட்டும் உடைந்திருந்தது. அதை அவரே எடுத்துச் சொன்னார். ஒரு டீச்சர் 'டெபுடேஷனில்' வேறு பள்ளிக்குப் போயிருப்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாம் வகுப்பு அறையில் போன ஆண்டு நோட்டுகள் அடுக்கியிருந்தன. அனுமதி கேட்டு ஒன்றைப் புரட்டினேன். 'பள்ளிகூடம்' என்று எழுதிய இடத்தில் விட்டுப்போன 'க்' சிவப்பு மையில் ஏறியிருந்தது. பக்கத்திலேயே அந்தப் பிள்ளை மூன்று முறை 'பள்ளிக்கூடம்' என்று திருத்தி எழுதியிருந்தது. அதற்கும் கீழே டீச்சரின் கையெழுத்தும் தேதியும். அடுத்த நோட்டிலும் அப்படியே. வெறும் டிக் போட்டுத் தள்ளிய பக்கம் ஒன்றுகூட இல்லை. இதைக் காட்டும் கட்டம் எந்தத் தளத்திலும் இல்லை. பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்மார்ட் போர்டு எத்தனை இன்ச் என்று விசாரிப்பதைவிட இது முக்கியம்.

கிளம்பும்போது தலைமையாசிரியர் எங்களிடம், "பாப்பா ஆறாவது. எங்ககிட்ட எட்டு வரைதானுங்க. மூணு வருஷத்துல உங்களுக்கு மாத்தல் வந்தா சரியா இருக்கும். வரலைன்னா ஒன்பதாவதுக்கு ஹைஸ்கூல் பார்க்கணும், இப்பவே யோசிச்சுக்குங்க" என்றார். சேர்க்கையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள் இப்படிப் பேசமாட்டார். இரண்டு பேரையும் அங்கேயே சேர்த்தோம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானதிலிருந்து அங்கேயும் ஐந்தாம் வகுப்பு வரை காலையில் சாப்பாடு. தம்பி புதன்கிழமை பொங்கல் சாம்பாருக்காக வீட்டில் டிபனே வேண்டாம் என்கிறான்.

தனியார் பள்ளிதான் என்று முடிவெடுத்தவர்கள் இன்னொரு தளத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த குழு, தனியார் பள்ளிகளுக்கு வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயித்த ஆணைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. நான் விசாரித்த ஒரு பள்ளியில் வாயால் சொன்ன தொகைக்கும் ஆணையில் இருந்த தொகைக்கும் நல்ல இடைவெளி. கேட்டால் 'ஆக்டிவிட்டி ஃபீஸ்' என்றார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடம் கிடைக்குமா என்று எங்கள் கிளையிலேயே ஒருவர் கேட்டார். அது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் நுழையும்போது மட்டும்தான். ஊர் மாறி மூன்றாம் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அது கிடையாது.

யுடைஸ் பிளஸ் தளத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது மொழிக்காக. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரியான என் மாமியாரால் இந்தத் தளத்தைப் படிக்க முடியவில்லை. பேரப்பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி அவருக்கும் தெரிய வேண்டாமா? தமிழிலும் வந்தால் எத்தனையோ தாத்தா பாட்டிகள் இதைப் பார்ப்பார்கள்.

கடைசியாக டி.சி. விவகாரம். பழைய ஊரில் பிள்ளைகள் படித்த பள்ளி, அடுத்த பருவக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்று நிறுத்தி வைத்தது. எட்டாம் வகுப்பு வரை அரசு அல்லது உதவி பெறும் பள்ளிக்கு மாறும் குழந்தைக்கு டி.சி.-யை உடனே தர வேண்டும். அது தாமதமானால்கூடப் புதுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவற்றை எழுதி ஒரு கடிதம் கொடுத்ததும் டி.சி. வந்தது. ஆனால் காகிதம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. மாணவர் விவரங்களைப் பதியும் மாநிலக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பழைய பள்ளி உங்கள் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அலுவலகத்தில் உட்கார்ந்து அதைச் செய்ய வைத்துவிடுங்கள். இழுத்தடித்தால் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழையுங்கள். பிள்ளையின் எமிஸ் எண்ணைக் கையில் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.