தெருவுக்குத் தபால் பெட்டி வாங்கப் போகிறீர்களா? எங்கள் 2,640 டாலர் போன விதம்

ஆத்திரத்தில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். எங்கள் தெருவில் 16 வீடு. வீட்டுக்கு 165 டாலர் வசூலித்து, மொத்தம் 2,640 டாலர் கொடுத்து ஒரு தபால் பெட்டி வாங்கி நட்டோம். அதில் ஒரு கடிதம்கூட விழவில்லை, விழப்போவதும் இல்லை. விற்றவன் போனை எடுப்பதில்லை. 2,640 டாலர். நம் ஊர்க் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல்.

"தபால் பெட்டிக்கு நீங்க எதுக்குடி காசு குடுக்கணும், அது கவர்மெண்டு பெட்டி இல்லையா?" என்று அம்மா போனில் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே புதிதாக லேஅவுட் போட்டால் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தபால் கிடையாது. தெரு முனையில் ஒரு கான்கிரீட் மேடை, அதன் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் அலுமினியப் பெட்டி. கிளஸ்டர் பாக்ஸ் என்பார்கள். எங்களுடையதில் வீட்டுக்கு ஒன்றாக 16 சின்னக் கதவு, பார்சலுக்கு இரண்டு பெரிய அறை, நாம் அனுப்பும் கடிதத்தைப் போட ஒரு துளை. தபால்காரர் தன் சாவியால் பெரிய கதவைத் திறந்து எல்லாருக்கும் ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர்களுக்கு நேரம் மிச்சம். ஆனால் பெட்டியை வாங்குவதும் நடுவதும் பழுது பார்ப்பதும் பெரும்பாலும் பில்டர் தலையில், அல்லது குடியிருப்புச் சங்கமான எச்.ஓ.ஏ தலையில். சில இடங்களில் பெட்டி அமெரிக்கத் தபால் துறைக்கே (யூ.எஸ்.பி.எஸ்) சொந்தம். எது யாருடையது என்று காகிதத்தில் இல்லாத தெருக்கள் நிறைய. எங்கள் தெரு அதில் ஒன்று.

ஒரு ராத்திரி எவனோ கடப்பாரை போட்டு எங்கள் பெட்டியை நெம்பிவிட்டுப் போனான். காலையில் பார்த்தால் பாதிக் கதவுகள் தொங்குகின்றன, புல்வெளி எல்லாம் விளம்பரத் தாள். இது இங்கே பெரிய தொல்லை. தபால்காரரை வழிமறித்து, பெட்டிகளைத் திறக்கும் ஆரோ சாவியைப் பிடுங்குகிற அளவுக்குப் போய், 2023-ல் தபால் துறை இதற்கென்றே ஒரு திட்டம் அறிவித்து, மின்னணுப் பூட்டுகளுக்கு மாற ஆரம்பித்தது. அது எங்கள் பக்கம் வருவதற்குள் எங்கள் பெட்டி போய்விட்டது.

உடைந்த பெட்டியில் கடிதம் போட மாட்டோம், பாதுகாப்பில்லை என்றார்கள். சரிதான். அதுவரை தபால் நிலையத்துக்குப் போய் அடையாள அட்டை காட்டி வாங்கிக்கொள்ளணும். வேலைக்குப் போகிறவர்கள் எந்த நேரத்தில் போய் வரிசையில் நிற்பது? இதில் ஒரு வேடிக்கை, இன்ஃபார்ம்டு டெலிவரி என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு என்ன கடிதம் வருகிறது என்று காலையிலேயே உறையின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடும். படம் வரும், கடிதம் வராது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் வேலை அனுமதி அட்டைக்காகக் காத்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம்.

அப்புறம் சண்டை ஆரம்பித்தது. எச்.ஓ.ஏ மேலாளரிடம் கேட்டால், "அது தபால் துறையின் சொத்து." தபால் நிலையத்தில் கேட்டால், "எங்கள் ஆவணத்தில் இல்லை, அது தனியார் பெட்டி." தெருவுக்குள்ளேயே மூன்று கட்சி. முனை வீட்டுக்காரர், "திருடன் வருவது என் வாசலுக்கு, புதுப் பெட்டியை வேறு எங்காவது நடுங்கள்" என்றார். நடுத்தெருவில் இருப்பவர்களோ தங்கள் வீட்டு முன்னால் கூடாது என்றார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருபடி மேலே போய், வீட்டுக்கு வீடு தனிப் பெட்டிதான் தீர்வு என்று தன் வாசலில் ஒன்றை நட்டேவிட்டார். விதிப்படி அளந்து நட்டார், அதைச் சொல்லியாகணும். சாலை மட்டத்திலிருந்து பெட்டியின் அடிப்பாகம் 41 முதல் 45 அங்குலம், சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளே. அத்தனையும் சரி. தபால்காரம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு தெருவுக்குக் கிளஸ்டர் பாக்ஸ் என்று ஆகிவிட்டால், தபால் துறை சம்மதிக்காமல் அதை மாற்ற முடியாது. பெட்டி எந்த இடத்தில் நிற்கணும் என்பதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும். பெரியவர் பெட்டியில் இப்போது ஏதோ குருவி கூடு கட்டியிருக்கிறது.

கடைசியில், யார் சொத்தாக இருந்தால் என்ன, நாமே பணம் போட்டுப் புதுசு வாங்கி அதே இடத்தில் நட்டுவிடலாம் என்று முடிவானது. பணம் வசூலிக்கும் வேலை என்னிடம் வந்தது.

எங்கள் பகுதித் தமிழர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முருங்கைக்கீரை முதல் வீட்டு வாடகை வரை எல்லாம் அதில் ஓடும். யாராவது தபால் பெட்டி போட்டுத் தருவார்களா என்று கேட்டேன். அன்று மாலையே ஒருவன் அழைத்தான். வீட்டுப் பழுது வேலைகள் எடுத்துச் செய்யும் சின்னத் தொழில். ஆள் பெயரோ தொழில் பெயரோ இங்கே போடவில்லை, அது நாளைக்கு எனக்கே வம்பாகும்.

"சொல்லுங்க்கா" என்றான். அந்தப் பேச்சு இருக்கிறதே, அதில்தான் எல்லாம். எந்த ஊர் தம்பி என்றேன். "பொள்ளாச்சிப் பக்கமுங்க்கா." என் அம்மா வீடு உடுமலை. அப்புறம் பத்து நிமிஷம் தபால் பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. திருமூர்த்தி மலை, ஆழியாறு, தென்னையில் வெள்ளை ஈ என்று ஓடிவிட்டது. அப்புறம்தான் விலை. பெட்டியும் காலும் 1,980, பழையதைப் பிடுங்கிப் புதியதை நட 660. மொத்தம் 2,640. மற்ற இடங்களில் கேட்டதைவிடக் குறைவு, சந்தேகப்படும் அளவுக்குக் குறைவும் இல்லை. கெட்டிக்காரத்தனமாகப் போட்ட விலை.

"தபால் துறை ஏத்துக்குமா தம்பி?"

"யூ.எஸ்.பி.எஸ் அப்ரூவ்டுங்க்கா. பக்கத்து லேஅவுட்டுல மூணு பெட்டி நான்தான் போட்டுக் குடுத்தேன். நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க. வந்து பூட்டு மாட்டிட்டுப் போயிடுவாங்க."

கழுகுப் படம் போட்ட ஏதோ ஒரு சான்றிதழின் படத்தையும் அனுப்பினான். கார்டில் கொடுக்கிறேன் என்றேன். "கார்டுன்னா மூணு பர்சன்ட் சேத்துப் போடுவாங்க, உங்ககிட்ட எதுக்குங்க்கா வாங்கணும், பேங்க் ஆப்புலயே அனுப்பீருங்க." என் பணத்தை எனக்கு மிச்சம் பிடித்துத் தருகிறானாம். 2,640 டாலர், ஒரு தட்டில் போய்விட்டது.

பெட்டி வந்தது, நட்டான். வேலையில் குறை சொல்ல முடியாது. நான்கு போல்ட்டும் கச்சிதம், பளபள என்று நிற்கிறது. தெருவே வந்து படம் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு மூன்று சாவி கொடுத்தான். போகும்போது பெரிய கதவுக்கும் இரண்டு சாவியை என் கையில் வைத்தான். "யாராச்சும் ஒருத்தரு வெச்சுக்கோங்க்கா, அவசரத்துக்கு ஆகும்."

அந்தச் சாவிதான் மோசடியே. தபால்காரம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். சாவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், "இதை நீங்கள் வைத்திருக்கவே கூடாது" என்றார். பெட்டியைத் தொடாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார். போஸ்ட்மாஸ்டர் நேரில் வந்து பார்த்துவிட்டு விளக்கினார், பொறுமையாகவே. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்தப் பெட்டிகள் இரண்டு வகையில் விற்கப்படுகின்றனவாம். ஒன்று தபால் துறை திறப்பதற்கு. அதில் பெரிய கதவில் பூட்டு இருக்காது, ஆரோ பூட்டு மாட்ட இடம் மட்டும் விட்டிருப்பார்கள். அந்தப் பூட்டைத் தபால் துறைதான் கொண்டுவந்து மாட்டும், கடையில் கிடைக்காது, அதன் சாவி வெளியார் கைக்கு வரவே வராது. இன்னொன்று தனியார் உபயோகத்துக்கு, அதாவது ஒரு அலுவலகமோ கல்லூரி விடுதியோ தன் ஆட்களுக்குத் தானே கடிதம் பிரித்துப் போட. அதில் பெரிய கதவுக்கும் சாதாரணப் பூட்டு, சாவி வாங்கியவர் கையில். எங்கள் தலையில் கட்டியது இரண்டாவது. இதில் யூ.எஸ்.பி.எஸ் கடிதம் போடாது. முடிந்தது.

2,640 டாலருக்கு ஒரு பொம்மைப் பெட்டி.

அவனை அழைத்தேன். முதலில், "அடாப்டர் ஒன்னு ஆர்டர் போட்டிருக்கேனுங்க்கா, வந்ததும் மாட்டீரலாம்." அப்படி ஒரு அடாப்டரே கிடையாது என்று போஸ்ட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அடுத்து, "அந்தாளு புதுசுங்க்கா, ரூல் தெரியல." பிறகு கொஞ்சம் குரல் மாறியது. "நீங்க பெட்டிதானே கேட்டீங்க, பூட்டப் பத்தி நாம பேசவே இல்லியே." அவன் அனுப்பிய பில்லை எடுத்துப் பார்த்தால், மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பிரைவேட் ஆக்சஸ்' என்று இருக்கிறது. தெரியாமல் செய்யவில்லை அவன். தெரிந்தே, எழுதியும் வைத்துக்கொண்டு, வாயில் மட்டும் அப்ரூவ்டு என்றிருக்கிறான். கடைசியாக, "நான் வெறும் மீடியேட்டர்தானுங்க, கம்பெனிகிட்ட கேளுங்க." பேச்சில் அந்த 'அக்கா' போய்விட்டதைக் கவனியுங்கள். அதன் பிறகு போன் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்தாயிற்று.

வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அட்மின் சிறிது நேரத்தில் அழித்துவிட்டார். "குரூப்ல பர்சனல் சண்டை வேண்டாம், தனியா பேசிக்கோங்க மேடம்." யாரோடு தனியாகப் பேச, பிளாக் செய்தவனோடா? அவனுடைய பெயின்ட் வேலை விளம்பரம் இன்னும் அந்தக் குழுவில் வந்துகொண்டிருக்கிறது. அது பர்சனல் இல்லையாம்.

வங்கியில் கேட்டேன். "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம், எங்களால் திரும்ப எடுக்க முடியாது." கார்டாக இருந்திருந்தால் தகராறு பதிவு செய்து கேட்க வழி உண்டு. அந்த மூன்று சதவீதம் எதற்காகத் 'தள்ளுபடி' ஆனது என்று இப்போது புரிகிறது அல்லவா? 79 டாலர் மிச்சம், 2,640 டாலர் நஷ்டம்.

டெக்சாஸில் ஏமாற்று வியாபாரத்துக்கு எதிராக டி.டி.பி.ஏ என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கணும். கையெழுத்து வாங்கித் தரும் சர்டிஃபைடு மெயிலில் அனுப்பினேன். யாரும் வாங்கவில்லை என்று திரும்பி வந்தது. அந்தத் திரும்பிய கடிதத்தை வாங்கவும் நான் தபால் நிலையத்தில் போய் நிற்க வேண்டியதாயிற்று. எங்களுக்குத்தான் பெட்டி இல்லையே.

இதில் உச்சக்கட்டம் எச்.ஓ.ஏ. பெட்டி உடைந்தபோது 'எங்கள் பொறுப்பு இல்லை' என்றவர்கள், புதுப் பெட்டி நின்றவுடன் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள், 'முன்அனுமதி பெறாத அமைப்பு, அகற்றவும், தவறினால் அபராதம்' என்று. பொறுப்பு இல்லாத இடத்தில் அதிகாரம் மட்டும் எப்படி வரும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டு குஜராத்தி அக்கா மட்டும், "விடு, 165 டாலர்தானே" என்றார். மற்றவர்கள் பார்க்கிற பார்வை வேறு மாதிரி இருக்கிறது. தபால் வேண்டி ஆளுக்கு ஒரு பி.ஓ பாக்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அதற்கும் தனிச் செலவு.

இதே மாதிரி வாங்க இருப்பவர்களுக்கு என்னென்ன பார்க்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது:

பணம் கொடுக்கும் முன்பே உங்கள் போஸ்ட்மாஸ்டரிடம் மாடல் எண்ணைக் காட்டுங்கள். இடத்துக்கும் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். 'பிரைவேட் ஆக்சஸ்' என்று எங்கே இருந்தாலும் வேண்டாம். பெரிய கதவுக்குச் சாவி தருகிறேன் என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பழைய பெட்டி யாருடையது என்று எச்.ஓ.ஏ-விடம் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். புதிதாகப் பள்ளம் தோண்டுவதென்றால் முதலில் 811-க்கு அழைக்கணும், இலவசம், மண்ணுக்குள் எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று குறித்துக் காட்டுவார்கள். கார்டில் மட்டும் கொடுங்கள்.

சிறு வழக்குகள் போடும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. 60 நாள் முடிந்ததும் போடப்போகிறேன், 2,640 டாலரும் கோர்ட் செலவும் சேர்த்து. இந்தப் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது பொள்ளாச்சிப் பேச்சோடு தபால் பெட்டி விற்க அழைப்பு வந்திருந்தால், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.